இடப்பக்கம் இல்லாத விண்கலம்: சில அனுபவங்கள்

கணினியில் விண்கல மாடல் செய்யும் சேலம் பக்கத்து நான்கு பேர் எழுதியவை இவை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

கணினியில் விண்கல மாடல் செய்பவர்களுக்கு ஒரு கேள்வி என்றாவது வந்தே தீரும். நாம் செய்வது எந்தக் கலத்தை? கதைக்குள் பறக்கிறதே, அதையா? படம்பிடிப்பதற்காக மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்துவைத்தார்களே, அதையா? என்னிடம் இதைக் கேட்டவர் அறிவியல் புனைகதை ஒன்றுகூடப் படித்திராத என் மாமா.

மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. அமாவாசைக்குப் பட்டறை விடுமுறை என்பதால் வீட்டுக்கு வந்திருந்தார். நான் 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரின் எண்டர்பிரைஸ் கலத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருந்தேன். வலப் பாதியை மட்டும் செய்தால் போதும். மிரர் மாடிஃபையரைப் போட்டால் இடப் பாதி தானாக வந்துவிடும். "இப்படி ஒரு வசதி எங்களுக்கு இருந்தால் ஜோடியில் ஒரு கொலுசுக்குத்தான் கூலி கொடுப்பேன்" என்றார் மாமா. பிறகு திரையை உற்றுப் பார்த்தார். கலத்தின் உடம்பில் எழுதியிருந்த பதிவு எண் என்சிசி-1701 இடப்பக்கத்தில் தலைகீழ் வரிசையில், கண்ணாடி பிம்பமாக நின்றது. எழுத்தை மட்டும் தனியாக வைக்க வேண்டும், அந்த வேலை இன்னும் பாக்கி என்றேன். "எனக்கு இதுதான் நேராகத் தெரிகிறது, அச்சில் நாங்கள் இப்படித்தானே வெட்டுகிறோம்" என்று சிரித்தார்.

அவருக்குச் சொல்லத் தகுந்த கதை ஒன்று என்னிடம் இருந்தது. படப்பிடிப்புக்குப் பயன்பட்ட மூல மாடல் ஏறத்தாழ 11 அடி நீளம். உள்ளே விளக்கு வைத்தபோது அதற்கான வயர்களை இடப்பக்கம் வழியாக வெளியே எடுத்தார்கள். அதனால் அந்தப் பக்கத்தை முழுதாக அலங்கரிக்கவே இல்லை. கேமரா எப்போதும் வலப்பக்கத்தைத்தான் பார்த்தது. இடப்பக்கம் தெரிய வேண்டிய காட்சிகளுக்கு வலப்பக்கத்திலேயே எண்ணைத் திருப்பி எழுதி ஒட்டி, எடுத்த படச்சுருளைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். நம் ஊர் அச்சு வெட்டுகிறவர்களின் கணக்கேதான்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியானால் அந்தக் கப்பலுக்கு இடப்பக்கமே கிடையாது. நீ எதைப் பார்த்துச் செய்கிறாய்?"

நான் கதையின் பக்கம். கதையில் நானூறு பேர் வாழும் கலத்துக்கு இடப்பக்கம் இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு ஒன்றை மாற்றிக்கொண்டேன். மிரர் தந்ததை அப்படியே விடுவதில்லை. இருபுறமும் அதே வரிசை அறைகளில் ஒரே நேரத்தில் விளக்கெரிந்தால், உள்ளே ஆட்கள் இருப்பதாக யார் நம்புவார்கள்? இடப்பக்க ஜன்னல்களில் எது எரியும், எது அணைந்திருக்கும் என்று தனியாக உட்கார்ந்து முடிவு செய்கிறேன். கலம் முழுவதிலும் எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

ஏற்காட்டிலிருந்து:

என் பிரச்சினை வேறு. நான் செய்யும் கலங்கள் எல்லாம் பொம்மையாகவே தெரிந்தன. மலையில் இருப்பவனுக்குத் தூரத்தைக் காட்டச் சுலபமான வழி ஒன்று தெரியும். பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் கருமையாக நிற்கும். அடுத்த மேடு சாம்பல் நிறம். அதற்கப்பால் உள்ளது வெளிறிப்போய்க் கிடக்கும். அதையே ரெண்டரிலும், அதாவது மாடலிலிருந்து கணினி உருவாக்கித் தரும் படத்திலும், செய்தேன். கலத்தின் பின்பகுதியை லேசான பனிமூட்டத்தில் கரைத்தேன். பிரமாதமாக வந்தது. நடைப்பயிற்சி முடித்து வழக்கமாக வீட்டுக்கு வரும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, "அங்கே காற்றே இல்லையே, பனிமூட்டம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

அவரோடு வாதாடினேன். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்காக முதலில் வரைந்த டிஸ்கவரி கலத்தில் வெப்பத்தை வெளியேற்றும் பெரிய தகடுகள் இருந்தன. அறிவியல்படி அவை தேவை. பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் எடுத்துவிட்டார்கள். அவர்களே கண்ணுக்காக அறிவியலை விட்டுக்கொடுத்தார்களே என்றேன். "எடுத்தார்கள் சரி, இல்லாததைக் கொண்டுவந்து வைக்கவில்லையே" என்றார். பதில் தோன்றவில்லை. பனியை நீக்கினேன்.

விடை கிடைத்த இடம் ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட். இரவில் அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் முழுவதும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தெருவிளக்கு என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான் ஊரின் பரப்பு கண்ணுக்குப் பிடிபடுகிறது. கலத்திலும் அப்படி அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும். எண்டர்பிரைஸின் நீளம் 289 மீட்டர் என்கிறார்கள். ஆளின் உயரம் 1.7 மீட்டர் என்றால் கலத்தின் நீளத்தில் 170இல் ஒரு பங்குதான். என் பழைய ஜன்னல்களில் யானை எட்டிப் பார்க்கலாம். அவற்றைச் சிறிதாக்கினேன். விளிம்புகளை மழுக்கும் பெவலையும் குறைத்தேன்; விளிம்பு கொழுகொழுவென்று உருண்டிருந்தால் எவ்வளவு பெரிய கலமும் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவாகிவிடும்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

செவ்வாய்ப்பேட்டை அண்ணனுடன் எனக்கு உடன்பாடில்லை. கதையில் வரும் கலத்தை அளந்து பார்த்தவர் யாருமில்லை. படப்பிடிப்பு மாடலோ 1974 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. பழுதுபார்த்து 2016இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். நான் அதைத்தான் செய்கிறேன், வெறுமையான இடப்பக்கத்தோடும் வயர்களோடும். கதையை நம்பிப் போனால் அதே தொடரின் சிறு கலமான கலிலியோவில் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே ஆட்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். வெளியே நிறுத்திய கலமோ அதற்குப் போதுமான உயரமில்லை. உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒரே கோப்பில் பொய் சொல்லாமல் பொருத்திக் காட்டுங்கள், பார்க்கலாம்.

ஐந்து ரோட்டிலிருந்து:

இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு முறை முப்பரிமாண அச்சு எடுத்துப் பாருங்கள், சண்டை தீர்ந்துவிடும். 1:1000 அளவில் 289 மீட்டர் கலம் 28.9 செ.மீ. ஆகிறது. அச்சு இயந்திரத்தில் உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையான நாசிலின் வழக்கமான துளை 0.4 மி.மீ. கலத்தின் கணக்கில் அது 40 செ.மீ. அதைவிடக் குறுகலாக நீங்கள் இழைத்த கோடுகள், குழாய்கள், கைப்பிடிகள் எல்லாம் காணாமல் போகும். இன்ஜின்களைத் தாங்கும் இரண்டு மெல்லிய கால்கள் அளவுப்படி அச்சிட்டால் தொட்டதும் ஒடியும். கதைக்கும் அருங்காட்சியகத்துக்கும் விசுவாசமாக இருந்தது போதும் என்று நான் அவற்றைத் தடிமனாக்கிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கலத்தைச் சொந்தத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, தன் மகனின் காதுகுத்து பிளக்ஸில் போடக் கேட்டார். வேறொருவரின் வடிவமைப்பு, ஆசைக்குச் செய்வது, ஊர் நடுவில் கட்டுவதற்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கடைசியில் நானே யோசித்த ஒரு கலத்தை இரண்டு இரவுகளில் செய்து கொடுத்தேன். மேலே குலதெய்வம், நடுவில் பையன், ஜன்னல்களில் தாய்மாமன்கள். ஏற்காட்டுக்காரர் கணக்குப்படி பார்த்தால் ஒவ்வொரு மாமனின் தலையும் முப்பது மீட்டர் உயரம் வரும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. முன் ஜன்னலைச் சின்ன மாமாவுக்கும் பின் ஜன்னலைத் தனக்கும் கொடுத்தது யார் என்றுதான் பெரிய மாமா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.