80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது, வீட்டிலேயே பார்க்க முடியுமா?

வாடிப்பட்டிக்காரன்:
வணக்கம். 2014 பெட்ரோல் ஹேட்ச்பேக், 74,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வாரம் மாமனார் ஊரில் மழைச் சேற்றில் வயல் வரப்பு வரைக்கும் இறக்கி, பத்து பேர் தள்ளி மேலே ஏற்றினோம். அதிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் 80-ஐத் தொட்டாலே ஸ்டீயரிங் கிடுகிடுவென்று உதறுகிறது, 60-இல் ஒன்றுமே இல்லை, 100-க்கு மேல் குறைந்த மாதிரி இருக்கிறது (பயத்தில் எனக்குத்தான் தெரியவில்லையோ என்னவோ). ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஸ்டீயரிங் ரேக்கை (ஸ்டீயரிங் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். என்னிடம் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி மட்டும்தான். இதை வைத்து என்ன செய்யலாம்?

தார்ரோடு:
வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போயிருக்கும் ப்ரோ, செய்துவிட்டு வாங்க.

கிரீஸ்கை:
அலைன்மென்ட் போனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும், இப்படி உதறாது. ரேக் பேச்சையும் இப்போதைக்கு விடுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து அப்புறம் குறைகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருக்கும். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம்.

சேறு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள், அங்கே காய்ந்து அப்பியிருக்கும், வாட்டர் வாஷில் அது போகவே போகாது. டயர் கடையில் இருபது முப்பது கிராம் ஈயக்கட்டி வைத்துச் சரிசெய்கிற இடத்தில் ஒரே பக்கம் கால் கிலோ மண் ஒட்டிக்கொண்டிருந்தால் உதறாமல் என்ன செய்யும்? சுரண்டும்போது ஈயக்கட்டியைப் பெயர்த்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் வீக்கம் இருக்கிறதா, ரிம் எங்கேயாவது நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீக்கம் இருந்தால் அந்த டயரோடு ஹைவே பக்கமே போகக் கூடாது.

அதிலும் சரியாகவில்லை என்றால் ஸ்டெப்னியை முன்னால் இடது பக்கம் மாட்டி ஓட்டிப் பாருங்கள், அப்புறம் வலது பக்கம். எதைக் கழற்றும்போது உதறல் போகிறதோ அதுதான் கோளாறு. ஸ்டெப்னியும் அதே சைஸாக இருக்க வேண்டும், அதில் முதலில் காற்று அடியுங்கள், யாரும் அதைச் சீண்டியே பார்த்திருக்க மாட்டார்கள்.

சுங்கச்சாவடி:
கூடவே இதையும் கவனியுங்கள். சமதரை, ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை லேசாகத் தளர்த்துங்கள். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. தூக்கியதும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு). இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்டில் (ரேக்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனை) சந்தேகம். திரும்ப மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள், ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை.

வாடிப்பட்டிக்காரன்:
கிரீஸ்கை அண்ணே, கோயில் கட்டணும் உங்களுக்கு. முன் வலது ரிம்முக்குள் அடை மாதிரி மண். பழைய தோசைக் கரண்டியால் சுரண்டி எடுத்தேன் (வீட்டில் இன்னும் தெரியாது). முக்கால்வாசி உதறல் அப்போதே போய்விட்டது. இடது ரிம்மில் ஈயக்கட்டி இருந்த தடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது, கட்டியைக் காணோம். டயர் கடையில் நான்குக்கும் பாலன்சிங் செய்தேன், 400 ரூபாய். ஆட்டிப் பார்த்ததில் எதிலும் ஆட்டம் இல்லை. இப்போது 90-இல் ஒரு விரலில் பிடித்து ஓட்டலாம். ஆனால் அந்த வேகத்தில் பிரேக் மிதித்தால் மட்டும் லேசாக ஒரு நடுக்கம், பெடலிலும் தெரிகிறது.

கிரீஸ்கை:
அது வேறு கதை, முன் பிரேக் டிஸ்க். தடிமன் சீராக இல்லாமல் தேய்ந்திருக்கும். வீட்டில் கையால் தடவிப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், கடைந்த பிறகும் அதற்குக் கீழே வராது என்றால் லேத்தில் கடையலாம், வரும் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். புது டிஸ்க் போடும்போது ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதி) உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள், துருவின் மேலேயே மாட்டினால் கொஞ்ச நாளில் மறுபடி நடுங்கும். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டீர்கள்தானே?