ஏரியில் ஆகாயத்தாமரை, ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

வில்லியனூர் வாசி: எங்கள் ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. பசங்க இறங்கி வாரிப் போட்டாலும் அடுத்த மாதமே பழையபடி. வேறு வழி உண்டா?

பாகூரான்: வாரியதைக் கரையிலேயே குவித்தால் மழையில் திரும்ப உள்ளேதான் போகும், தள்ளிக் கொண்டுபோய் மட்க வையுங்கள். அப்புறம் வரத்து வாய்க்கால் ஓரமாக நடந்து எங்கெங்கே சாக்கடை சேருகிறது என்று பாருங்கள், அந்தத் தண்ணீர்தான் அதற்கு உரம், அதை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பிடுங்கி என்ன பயன்?

கடலூர்க்காரன்: சரிதான். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

நெட்டப்பாக்கம் அக்கா: புதுச்சேரியில் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் ஏரிகளைச் சீரமைத்தபோது ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் வைத்தார்களே தம்பி, உங்கள் ஊர்ச் சங்கம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? விவசாயிகளைச் சேர்க்காமல் இறங்கினால் போட்டோவோடு நின்றுவிடும், மதகு திறப்பவரிடம் முதலில் பேசுங்கள்.