'குட்-ஹியூமர்டு': இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

மண்டபம் டியூஷன்:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'குட்-ஹியூமர்டு' (good-humoured, இனிய சுபாவமுள்ள) என்ற ஆங்கிலச் சொல்லை நடத்தணும். 'நல்ல நகைச்சுவை' என்று பிரித்தால் பொருள் ஒட்டவில்லை. கடைசி 'டு' இறந்தகாலமா?

தொண்டி அகராதி:
இல்லை சார். 'ப்ளூ-ஐடு' என்றால் நீலக்கண் உடையவர். அதே 'உடைய' விகுதிதான். முதலில் 'குட்', 'ஹியூமர்' இரண்டையும் சேர்த்து, பிறகு விகுதியை ஒட்டணும். 'ஹியூமர்டு' மட்டும் தனியே நின்றால் வினை: ஒருவர் போக்குக்கு விட்டுக்கொடுத்தார் என்றாகிவிடும்.

வேர், ஈரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். பழைய ஐரோப்பிய வைத்தியத்தில் உடம்பில் நான்கு நீர்: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவற்றின் அளவே குணத்தைத் தீர்மானிக்கும் என்று நம்பினார்கள். அப்படித்தான் 'ஹியூமர்' மனநிலை ஆனது. நகைச்சுவை என்ற பொருள் அதற்கும் பிந்தியது. சோர்வைச் சொல்லும் 'மெலங்கலி' கிரேக்கத்தில் கரும்பித்தமேதான். உற்சாகத்தைச் சொல்லும் 'சாங்குவின்' லத்தீன் ரத்தம்.

கீழக்கரை வாசகர்:
'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்று ஆரம்பிங்க, பிள்ளைகள் டக்குனு பிடிச்சுக்குவாங்க. ஆனா சித்த மருத்துவத்தோட அப்படியே பொருத்திடாதீங்க. அங்கே வாதம், பித்தம், கபம் மூணுதான்; ரத்தம் ஏழு உடற்தாதுக்களில் ஒண்ணு.

மண்டபம் டியூஷன்:
நன்றி. ஸ்பெல்லிங்கில் எங்கே தப்பு வரும்?

தொண்டி அகராதி:
பிரிட்டிஷ் முறையில் 'ஹியூமர்' எழுதும்போது 'ஓ'வுக்குப் பின் 'யு' உண்டு. 'ஹியூமரஸ்'ஸில் அந்த 'யு' கிடையாது. பாதிப் பேர் அங்கேதான் மார்க்கை விடுவார்கள். பொருளும் வேறு: மேடையில் ஜோக் சொல்பவர் ஹியூமரஸ். மீன் சிக்காமல் வலை வெறுமையாய் வந்த அன்றைக்கும் கேலியைச் சிரித்துக்கொண்டே ஏற்பவர் குட்-ஹியூமர்டு.