லேக் டிஸ்ட்ரிக்ட்: முழங்கால் வலி உள்ள அப்பாவோடு எந்த ஊரில் தங்கலாம்?

லெஸ்டர்வாசி:

வணக்கம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஜூன் கடைசியில் நாலு நாள் லீவு போட்டு இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள மலையும் ஏரியுமான லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். அப்பா மதுரைப் பக்கம் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இருந்த வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். ஆனால் முழங்கால் தகராறு, படி, ஏற்றம் என்றால் கஷ்டம். அம்மா சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது.

விண்டர்மியரில் ஓட்டல் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து தினமும் காரில் கிளம்பி கோனிஸ்டன், ஹாக்ஸ்ஹெட், அல்ஸ்வாட்டர், பட்டர்மியர், வாஸ்ட்வாட்டர் எல்லாம் பார்த்துவிடலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.

கெண்டல்காரி:

தம்பி, நான் குடியிருப்பது கெண்டலில். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லாரும் இதே மாதிரி ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குகிறார்கள்.

முதலில் வாஸ்ட்வாட்டரை அடித்துவிடுங்கள். மேப்பில் பக்கத்தில்தான் தெரியும். இங்கே ஏரிகள் எல்லாம் நடுவிலுள்ள மலைக்கூட்டத்திலிருந்து நாலா பக்கமும் இறங்கும் பள்ளத்தாக்குகளில் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக மலையைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தாண்ட வேண்டும். வாஸ்ட்வாட்டருக்கும் உங்கள் ஓட்டலுக்கும் நடுவில் இருப்பது ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர், இங்கிலாந்திலேயே உயரமான மலை. ஜிபிஎஸ் குறுக்கு வழி என்று ரைனோஸ், ஹார்ட்நாட் கணவாய்களைக் காட்டும். ஹார்ட்நாட்டில் சில வளைவுகளில் மூன்றடி போனால் ஓரடி ஏற்றம். ரோடு ஒரு கார் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் இரண்டில் ஒன்று ரிவர்ஸில் இறங்க வேண்டும். பின் சீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

இரண்டாவது, விண்டர்மியருக்குப் பதில் கெசிக்கில் தங்குங்கள். எம்6 நெடுஞ்சாலையில் 40-ஆவது எக்ஸிட்டில் இறங்கி ஏ66 ரோட்டைப் பிடித்தால் நேரே ஊருக்குள் போய்விடலாம். கடைத்தெருவிலிருந்து டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரைக்குப் பத்து நிமிட நடை, ஏற்றமே இல்லை. கரையில் ஒரு மோட்டார் படகு ஏரியைச் சுற்றி வருகிறது, டவுன் பஸ் மாதிரி துறைக்குத் துறை நிற்கும். ஆஷ்னஸ், லோடோர், பிராண்டல்ஹோ என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கி அடுத்த படகில் ஏறலாம். இறங்காமலே உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முழு வட்டம் முடிந்துவிடும். அப்பாவுக்கு இதைவிடத் தோதான சவாரி கிடையாது. படகுத்துறையிலிருந்து ஃப்ரையர்ஸ் கிராக் என்ற பாறைமுனை வரை சமதளப் பாதை, சக்கர நாற்காலியே போகும். நடுநடுவே பெஞ்சு உண்டு.

காருக்கு ஒருநாள் ஓய்வு கொடுங்கள். கெசிக்கிலிருந்து 77, 77ஏ என்று கோடைக்காலத்தில் ஒரு வட்டப் பஸ் ஓடுகிறது. ஒன்று இடமாகச் சுற்றும், மற்றது வலமாக. பட்டர்மியர் போய், ஹோனிஸ்டர் கணவாய் ஏறி, பாரோடேல் பள்ளத்தாக்கு வழியாகத் திரும்பும். ஹோனிஸ்டரிலிருந்து இறங்கும்போது இரண்டு பக்கமும் உடைந்த ஸ்லேட் கல் சரிந்து கிடக்கும், அதன் மேலே ஆடுகள் அசராமல் நிற்கும். வெள்ளை முகம், சாம்பல் நிறக் கம்பளி, அதுதான் இந்தப் பக்கத்து ஆட்டு இனமான ஹெர்ட்விக். ஸ்டியரிங் பிடித்திருந்தால் உங்களுக்கு இதில் பாதி கண்ணில் படாது.

வேர்ட்ஸ்வொர்த் விஷயம்: கெசிக்கிலிருந்து 555 பஸ் கிராஸ்மியர் போகும். 1799 முதல் 1808 வரை அவர் குடியிருந்த டவ் காட்டேஜ் அங்கேதான். வீடு சின்னது, கீழ்த்தளம் இருட்டு, மாடிக்குப் படி ஏற வேண்டும். அப்பா கீழே பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள மியூசியத்தில் உட்காரட்டும். அங்கிருந்து தட்டையான ரோட்டில் மெதுவாக நடந்தால் செயின்ட் ஆஸ்வால்ட் தேவாலயம். அதன் முற்றத்தில்தான் கல்லறை. சாதாரண ஸ்லேட் கல், பெயர், வருஷம், அவ்வளவே. மனைவி, தங்கை, பிள்ளைகள் எல்லாரும் பக்கத்திலேயே. சுற்றியுள்ள யூ மரங்களில் எட்டு அவர் வைத்தவை. வாத்தியார் அங்கே நிற்கும்போது அவசரப்படுத்தாதீர்கள்.

கல்லறை வாசலை ஒட்டியே ஒரு குட்டிக் கடை, முன்பு பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். சாரா நெல்சன் என்ற அம்மா 1854-இல் ஆரம்பித்த இஞ்சி ரொட்டி வியாபாரம் இன்னும் நடக்கிறது. உள்ளே நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும், வரிசை வெளியே வளைந்து நிற்கும். ரொட்டி தட்டையாக, ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று இருக்கும். சுக்கு காரம் தொண்டையில் தெரியும். அம்மாவுக்கு வாங்குமுன் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரெஸ்டன் பாலா:

அக்கா விண்டர்மியரை ரொம்பவே மட்டம் தட்டுகிறார். கார் இல்லாதவர்களுக்கு அதுதான் வசதி. ஆக்ஸன்ஹோமில் ரயில் மாறினால் ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விடும். 599 திறந்த மாடி பஸ்ஸில் ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வரை போகலாம். விண்டர்மியர் ஏரியில் ஓடுவது பெரிய கப்பல், உள்ளே டாய்லெட், காபி எல்லாம் உண்டு. வயசானவர்களுக்கு டாய்லெட் முக்கியம் சார்!

கெண்டல்காரி:

பாலா, டாய்லெட் பாயிண்ட் சரி. ரயிலில் வந்தால் நானும் விண்டர்மியர்தான் சொல்வேன். ஆனால் ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரையான போனஸுக்கு இரண்டு கி.மீ.க்கு மேல் இறக்கம், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். ஜூன் சனிக்கிழமை போனஸில் ஐஸ்கிரீம் வரிசையைத் தாண்டித்தான் தண்ணீரைப் பார்க்க முடியும்.

கப்பல்தான் வேண்டும் என்றால் அல்ஸ்வாட்டர் போங்கள், கெசிக்கிலிருந்து காரில் அரை மணி நேரச் சொச்சம். ஏரியின் ஒரு கோடியிலுள்ள கிளென்ரிடிங்கிலிருந்து மறுகோடியிலுள்ள பூலி பிரிட்ஜ் வரை ஒரு மணி நேரம். அங்கே ஓடும் 'லேடி ஆஃப் தி லேக்' 1877-இல் வெள்ளோட்டம் விட்ட கப்பல். பக்கத்திலுள்ள ஏரா ஃபோர்ஸ் அருவியை மட்டும் அப்பாவுக்குச் சொல்லாதீர்கள். முழுக்கப் படி.

லெஸ்டர்வாசி:

ரொம்ப நன்றி அக்கா. கெசிக் என்றே முடிவு. மழைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன வழி? வேர்ட்ஸ்வொர்த் பாடிய டாஃபடில் பூவையும் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா.

கெண்டல்காரி:

டாஃபடில் மார்ச், ஏப்ரலோடு முடிந்தது. அடுத்த வசந்தத்துக்கு இன்னொரு விசா எடுக்கச் சொல்லுங்கள்.

மழை எந்த மாதமும் வரும். ஐரிஷ் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று ஸ்காஃபெல் பக்கம் மோதி மேலே ஏறும்போது கொட்டிவிடுகிறது. பாரோடேல் கோடியிலுள்ள சீத்வெயிட்டில் வருஷத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்யும். சில கி.மீ. வடக்கேயுள்ள கெசிக்கில் அதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் பள்ளத்தாக்கின் உள்ளே இருட்டிக்கொண்டு வந்தால் ஊருக்குத் திரும்பிவிடுங்கள், அங்கே பென்சில் மியூசியம் இருக்கிறது. சாயங்காலம் வெறித்தால் மறுபடி கிளம்பலாம், ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு அடுப்படி உள்ள காட்டேஜ் எடுப்பது நல்லது. ஒரு குக்கரும் அரிசி, பருப்பும் காரில் போட்டுக்கொள்ளுங்கள். காய்கறி, தயிருக்கு பஸ் நிற்கும் இடத்திலேயே பூத்ஸ் சூப்பர்மார்க்கெட். வெளியே சாப்பிட்டால் மெனுவில் வெஜிடேரியன் என்று போட்டிருந்தாலும் முட்டை இருக்கலாம். வீகன் (முட்டை, பால் எதுவும் சேராதது) என்று போட்டதைக் கேளுங்கள்.

காட்டேஜ்காரர்களிடம் சொந்தப் பார்க்கிங் உண்டா, தரைத்தளத்தில் படுக்கையறையும் பாத்ரூமும் உண்டா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். பழைய கல் வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடி ஒரு பக்கம்தான்.