புன்னாலைக்கட்டுவன் வெங்காயத் தறையின் ஈரம் செய்மதிக்குத் தெரியுமா?

வெள்ளவத்தை_மழை:
நான் வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான புன்னாலைக்கட்டுவனில் 4 பரப்பில், அதாவது கால் ஏக்கரில், வெங்காயம் போட்டிருக்கிறார். மண் காய்ந்ததோ இல்லையோ, மூன்று நாளைக்கு ஒருக்கா கிணற்றில் மோட்டர் போட்டு இறைத்துவிடுவார். கோடை முற்றினால் எங்கள் கிணறு உவர்க்கிறது, அதனால் ஒவ்வொரு இறைப்பும் எனக்குக் கவலை. நுண்ணலைச் செய்மதிகள் மண்ணின் ஈரத்தை அளக்கும் என்று படித்து, நாசாவின் ஸ்மாப் செய்மதித் தரவை இறக்கிப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒன்றில் பெறுமதியே இல்லை, இல்லாவிட்டால் நம்ப முடியாத ஈரம். எங்கே பிழை விடுகிறேன்?

செம்பாட்டான்:
பிழை உங்களுடையது இல்லை, தங்கச்சி. ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் மின்கடத்தா மாறிலி. தண்ணீருக்கு அது 80 அளவு, காய்ந்த மண்ணுக்கு 3, 4 தான். ஈரம் கூடக் கூட மண் வெளிவிடும் நுண்ணலை குறையும். அதைத்தான் ஸ்மாப் 1.41 கிகாஹேர்ட்ஸில் அளக்கிறது, அதுவும் மேல் 5 சென்ரிமீற்றர் மட்டும். ஆனால் அதன் ஒரு பார்வை ஏறக்குறைய 40 கிலோமீற்றர் அகலம். குடாநாட்டைப் பார்த்தால் கடலும் நீரேரியும் சேர்ந்தே வரும், அதுதான் அந்தப் பொய் ஈரம். நுணுக்கமாகப் பார்க்கவென்று கூடவே அனுப்பிய ரேடாரும் 2015 ஜூலையில் நின்றுபோனது.

வயல்வரம்பு:
ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதிப் படங்களை எடுங்கள். ரேடார் என்பதால் முகில் தடையில்லை. படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றர், உங்கள் 4 பரப்புக்குப் பத்துப் புள்ளி வரும். ஆனால் ரேடார் படத்தில் இரைச்சல் அதிகம், பத்துப் புள்ளியின் சராசரியை நான் நம்பமாட்டேன். வரம்பு கட்டினாலும் வெங்காயத்தாள் வளர்ந்தாலும் ரேடாருக்குத் திரும்பும் எதிரொலி மாறும், அதை ஈரம் என்று எடுத்துவிடாதீர்கள். ஒரே பாதையில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்த்துக் கோடையில் எதிரொலி இறங்கும் அடிமட்டத்தையும் மாரியில் அது ஏறும் உச்சத்தையும் இரண்டு எல்லையாக வையுங்கள். அப்போது பகுதி எப்படிக் காய்கிறது என்று தெரியும். இன்றைக்கு இறைப்பதா என்று அது சொல்லாது, ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும்.

செம்பாட்டான்:
அதோடு மண்ணையும் நிறுங்கள். செய்மதி வரும் நாளில் மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணை எடுத்து நிறுத்து, 105 பாகையில் ஒரு நாள் காயவைத்து மறுபடி நிறுத்தால் போன எடைதான் தண்ணீர். அது இல்லாமல் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள்.

வெள்ளவத்தை_மழை:
மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் போகிறேன், தராசு வாங்கிவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். "காலால மிதிச்சாலே எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். சரி, மண்ணை நிறுக்க முதல் அவரை மிதிக்கச் சொல்லி, அவர் சொல்வதையும் எடைக்குப் பக்கத்தில் எழுதப்போகிறேன்.