சாஃப்ட்னர் ஓடியும் பாய்லர் ட்யூபில் ஸ்கேல் (உப்புப் படிவு): ரெசின் செத்துவிட்டதா?

நீராவி_3டன்:

மணிக்கு 3 டன் நீராவி, 10.5 பார் அழுத்தம், ஃபயர் ட்யூப் பாய்லர் (ட்யூப்களுக்குள் சூடான புகை, வெளியே தண்ணீர்). நாளுக்கு 20 மணி நேரம் ஓடுகிறது. போர் தண்ணீரில் ஹார்ட்னஸ் (கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) 480 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.), அல்கலினிட்டி (பைகார்பனேட்டால் வரும் காரத்தன்மை) 400, டிடிஎஸ் (கரைந்த உப்பின் மொத்த அளவு) 1100, சிலிக்கா 45, இரும்பு 1.5. சாஃப்ட்னரில் (ஹார்ட்னஸை நீக்கும் கருவி) 300 லிட்டர் ரெசின் (ஹார்ட்னஸைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்). தினமும் காலை 6 மணிக்கு 25 கிலோ உப்பு போட்டு ஒருமுறை ரீஜெனரேஷன் (உப்புக் கரைசலால் ரெசினை மீண்டும் வேலைக்குத் தயார் செய்வது). முடிந்ததும் எடுக்கும் சாம்பிளில் ஹார்ட்னஸ் எப்போதும் 5-க்குக் கீழேதான். மீட்டர்படி நாளுக்கு 45 கனமீட்டர் சாஃப்ட் தண்ணீர் செலவாகிறது, கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர்) 15 கனமீட்டர் திரும்பி வருகிறது. ஃபீட் டேங்க் (பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும் தொட்டி) 45 டிகிரி.

ஆறு மாதத்தில் ஸ்டாக் டெம்பரேச்சர் (புகைபோக்கிச் சூடு) 210-லிருந்து 255 டிகிரிக்கு ஏறிவிட்டது. திறந்து பார்த்தால் ட்யூப்களின் மேல் வெள்ளையும் பழுப்புமாக 1.5 மி.மீ. படிவு. நீர்மட்டத்தை ஒட்டி ஷெல்லில் (பாய்லரின் வெளிக்கூடு) சிறு சிறு குழிகள். கண்டென்சேட் பைப் அடிப்பக்கம் அரித்து ஒழுகுகிறது. பாய்லர் டிடிஎஸ் 6000, ப்ளோடவுன் (உப்பு செறிந்த பாய்லர் தண்ணீரைத் திறந்து வெளியேற்றுவது) ஷிஃப்ட்டுக்கு இரண்டு தடவை. சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் மீட்டர் அதே 1100 காட்டுகிறது. ரெசினை மாற்ற வேண்டுமா?

உப்புக்கணக்கு:

டிடிஎஸ் மீட்டரை வைத்து ரெசினை எடைபோட வேண்டாம். சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு ஈடாக சோடியத்தை விடுகிறது. கரைந்த உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. முன்னும் பின்னும் ஒரே எண் வருவதுதான் இயல்பு.

கோளாறு உங்கள் சாம்பிள் நேரத்தில் இருக்கிறது. லிட்டர் ரெசினுக்கு சுமார் 80 கிராம் உப்பு போட்டால், நடைமுறையில் சுமார் 40 கிராம் ஹார்ட்னஸ் பிடிக்கும். 300 லிட்டருக்கு 12,000 கிராம். ஒரு கனமீட்டர் தண்ணீரில் இருப்பது 480 கிராம். வகுத்தால் 25 கனமீட்டர். நீங்கள் செலவழிப்பது 45. மீதி 20 கனமீட்டர் ஏறக்குறைய போர் தண்ணீராகவே பாய்லருக்குள் போகிறது. நாளுக்கு 9 கிலோ வரை சுண்ணாம்பு உள்ளே போகிறது என்று அர்த்தம். காலை 6 மணி சாம்பிள் இதைக் காட்டவே காட்டாது. ரீஜெனரேஷன் முடிந்த கையோடு எடுத்தால் எந்த ரெசினும் நல்ல பிள்ளைதான்.

உப்பை இரண்டு மடங்காக்கினால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். 50 கிலோ போட்டாலும் கொள்ளளவு இரண்டு மடங்காகாது. முப்பது சொச்சம் கனமீட்டரில் நின்றுவிடும். அதே 50 கிலோவை 25, 25 ஆகப் பிரித்து இரண்டு ரீஜெனரேஷன் செய்தால் 50 கனமீட்டர் கிடைக்கும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு 22 கனமீட்டருக்கும் ஒன்று. ஒரு ரீஜெனரேஷனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால் சாஃப்ட் தண்ணீர் டேங்க் 5 கனமீட்டராவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆபரேட்டர் அவசரத்தில் சாஃப்ட்னரைத் தாண்டி போர் தண்ணீரை நேராக விடும் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவார். அந்த வால்வு லேசாகக் கசிந்தாலும் இவ்வளவு பாடும் வீண், அதையும் பாருங்கள்.

செய்முறையில் கவனிக்க: பேக்வாஷ் (கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு அலசுவது) 10 முதல் 15 நிமிடம், ரெசின் படுகை ஏறக்குறைய பாதி அளவு மேலெழும்ப வேண்டும், ஆனால் ரெசின் வெளியே வரக்கூடாது. உப்புக் கரைசல் ரெசினைத் தொடும் இடத்தில் 10 சதவீதம், அதாவது ஹைட்ரோமீட்டரில் 1.07. உப்புத் தொட்டியில் இருக்கும் நிறைகரைசல் 26 சதவீதம், எஜெக்டர்தான் அதை நீர்க்கச் செய்கிறது. எஜெக்டர் நாசிலில் அடைப்பு இருந்தால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கரைசல் உள்ளே போக அரை மணி நேரமாவது எடுக்க வேண்டும். கடைசி அலசலை ஹார்ட்னஸ் 5-க்குக் கீழே வந்த பிறகே நிறுத்துங்கள்.

இரும்பு 1.5 என்பது சின்ன விஷயமல்ல. 45 கனமீட்டரில் நாளுக்கு 67 கிராம். அது ரெசின் மணிகள் மேல் துருவாகப் படிந்து கொள்ளளவைக் குறைக்கும். தண்ணீரைக் காற்றுபட விழவைத்து, இரும்பு பழுப்பாகத் திரண்டதும் மணல் ஃபில்டரில் பிடித்துவிட்டு சாஃப்ட்னருக்கு அனுப்புங்கள். அதற்குள் ரெசினை மாற்றினால் புது ரெசினுக்கும் இதே கதிதான். நாளை மீட்டர் அளவோடு சேர்த்து ஹார்ட்னஸ் எடுத்துப் போடுங்கள்.

ஃபீட்வாட்டர்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் குழிகளும் பைப் அரிப்பும் ஹார்ட்னஸ் சரியானாலும் நிற்காது. அவை இரண்டு தனி நோய்.

ஷெல் குழிகள் ஆக்சிஜன் வேலை. 45 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 6 மி.கி. ஆக்சிஜன் கரைந்திருக்கும், 85 டிகிரியில் 2.3 தான். 1 மி.கி. ஆக்சிஜனை நீக்க 8 மி.கி. சோடியம் சல்ஃபைட் வேண்டும். நாளுக்கு 60 கனமீட்டர் ஃபீட் என்றால் 45 டிகிரியில் 2.9 கிலோ, 85 டிகிரியில் 1.1 கிலோ. பாய்லர் தண்ணீரில் 30 முதல் 50 பிபிஎம் சல்ஃபைட் மிச்சம் நிற்பதற்கானது தனி. ஃபீட் டேங்கை நீராவியால் சூடாக்குவது விரயமல்ல, அந்தச் சூடு பாய்லருக்குள்தான் திரும்பிப் போகிறது. ஆனால் டேங்க் பம்புக்கு நல்ல உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் கேவிடேஷனில் (உள்ளே நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைவது) சரளைக்கல் உருளும் சத்தம் போடும். சல்ஃபைட் கரைசலை அன்றன்றைக்கு மட்டும் கலக்குங்கள். திறந்த டிரம்மில் வைத்தால் காற்றிலேயே செலவாகிவிடும்.

கண்டென்சேட் பைப் அடிப்பக்கம் அரிப்பது கார்பன் டை ஆக்சைடு. 400 பிபிஎம் அல்கலினிட்டி சாஃப்ட்னரில் குறையாது. பாய்லர் சூட்டில் பைகார்பனேட் சிதைந்து அந்த வாயு நீராவியோடு போய், கண்டென்சேட்டில் கரைந்து அமிலமாகிறது. pH பாருங்கள், 5 அல்லது 6 இருந்தால் சந்தேகமே வேண்டாம். சைக்ளோஹெக்சிலமீன் போன்ற, அமிலத்தைச் சமன்செய்யும் அமீன் கொடுத்து 8.5-க்கு மேல் கொண்டுவரலாம். நீராவி நேராக உணவிலோ மருந்திலோ படும் இடமானால் அந்த விதிமுறையைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

டிடிஎஸ் 6000-ஐ உடனே 3500-க்கு இறக்குங்கள். கண்டென்சேட் கலந்தபின் ஃபீட் டிடிஎஸ் 825, ஆகவே 4.2 மடங்குக்கு மேல் செறிவாக்க முடியாது. அப்படியென்றால் நாளுக்குக் குறைந்தது 14 கனமீட்டர் ப்ளோடவுன். ஷிஃப்ட்டுக்கு இரண்டு தடவை திறப்பதெல்லாம் போதவே போதாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழிருந்து தொடர்ச்சியாக எடுங்கள். அடி ப்ளோடவுன் சேற்றை வெளியேற்ற மட்டும், சில விநாடிகள், அடிக்கடி.

நீராவி_3டன்:

எடுத்துப் பார்த்தேன். 20 கனமீட்டரில் 4 பிபிஎம், 24-ல் 22, 28-ல் 160, 40-ல் 430. கண்டென்சேட் pH 5.6. படிவின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நன்றாகப் பொங்குகிறது, ஆனால் கடைசியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஓடு போல ஒன்று கரையாமல் நிற்கிறது. ஆசிட் கிளீனிங் செய்துவிடலாமா? நாளுக்கு 14 கனமீட்டர் வெந்நீரைக் கொட்ட மனமில்லை, ஆர்ஓ போட்டால் தீருமா?

உப்புக்கணக்கு:

பொங்குவது கார்பனேட். கரையாத ஓடு பெரும்பாலும் சிலிக்கா. 6000 டிடிஎஸ்ஸில் ஓட்டும்போது சிலிக்கா 240 பிபிஎம் தாண்டியிருக்கும். 3500-ல் அது 145 அளவில் நிற்கும்.

குழிகள் இருப்பதால் முதலில் அல்ட்ராசோனிக்கில் தடிமன் பாருங்கள். மெலிந்த ட்யூபை ஸ்கேல்தான் அடைத்து வைத்திருக்கலாம், ஆசிட் பட்டதும் ஒழுகும். தடிமன் போதுமென்றால் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்ஹிபிட்டர் (அமிலம் இரும்பைத் தின்னாமல் தடுக்கும் மருந்து) கட்டாயம், 60 டிகிரிக்கு மேல் போகாமல் சுழலவிட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அமில வலிமையைப் பாருங்கள். குறைவது நின்றால் கார்பனேட் தீர்ந்தது, அங்கேயே நிறுத்துங்கள். அதற்குமேல் இரும்புதான் கரையும். வெளியே வரும் வாயுவில் ஹைட்ரஜனும் இருக்கும், பக்கத்தில் வெல்டிங், தீ எதுவும் கூடாது. பிறகு அலசி, சோடா சாம்பல் கரைசலால் நடுநிலையாக்கி, ஹைட்ராலிக் டெஸ்ட் (நீர் அழுத்தச் சோதனை). சிலிக்கா ஓட்டுக்கு ஃப்ளூரைடு கலந்த அமிலம் வேண்டும். அது உயிருக்கே ஆபத்தான சரக்கு, அதற்கென்று தேர்ந்தவர்கள் இல்லாமல் தொடவே கூடாது.

ஃபீட்வாட்டர்:

ஆர்ஓ நல்ல யோசனை. ப்ளோடவுன் 14-லிருந்து ஒன்றிரண்டு கனமீட்டருக்கு வந்துவிடும், அல்கலினிட்டியும் போவதால் பைப் அரிப்பும் பெரும்பகுதி குறையும். ஆனால் 75 சதவீத ரிகவரி (உள்ளே விடும் தண்ணீரில் நல்ல தண்ணீராக வரும் பங்கு) என்று எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிஜெக்டில் (கழிவாக வெளியேறும் தண்ணீர்) சிலிக்கா 4 மடங்காகி 180 ஆகும். சாதாரண வெப்பநிலையில் கரைதிறன் 120-ஐ ஒட்டித்தான், மெம்பரேனில் கண்ணாடிபோல் படியும். 60 சதவீதத்தில் ஓட்டினால் 112. அதற்குமேல் போக சிலிக்காவுக்கென்ற ஆன்டிஸ்கேலன்ட் (படிவைத் தடுக்கும் மருந்து) வேண்டும். சாஃப்ட்னரைக் கழற்ற வேண்டாம், ஆர்ஓவுக்கு முன்னால் இருக்கட்டும். ஆனால் 45 கனமீட்டர் நல்ல தண்ணீருக்கு 75 கனமீட்டர் சாஃப்ட் தண்ணீர் வேண்டியிருக்கும். அதனால் ப்ளோடவுன் குறைந்தபின் உண்மையில் எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்ட பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. ஆர்ஓ தண்ணீர் pH 6-ஐ ஒட்டி வரும், இரும்பு ஃபீட் டேங்கை அரிக்கும். டேங்கை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யுங்கள். பாய்லரில் pH தானாக ஏறாது, காஸ்டிக் சோடா கொடுத்து 11-க்கு மேல் வைக்க வேண்டியிருக்கும்.