பெட்ரோல் விலையை ஏத்தினா வண்டி ஓட்டம் குறையுமா?

அஸ்தம்பட்டி
லிட்டருக்குப் பத்து ரூபா வரி கூட்டினா ஜனங்க வண்டியை ஓரங்கட்டிடுவாங்கன்னு ஒரு வாதம் ஓடுது. விலை எத்தனை தடவை ஏறியும் சேலம் ஐந்து ரோட்டுல நெரிசல் குறைஞ்ச மாதிரி தெரியலை. இது உருப்படியான வழிதானா? கணக்கோட சொல்லுங்க.

கணக்குப்புள்ள
குறையுங்க, ஆனா மெதுவா. விலை 10 சதவீதம் ஏறினா ஒரு வருஷத்துல விற்பனை 2, 3 சதவீதம்தான் இறங்கும். அதே விலை பல வருஷம் நின்னா 6 சதவீதம் வரைக்கும் போகும். பல நாட்டு ஆய்வுகள்ல பொதுவா வர்ற கணக்கு இது. வேலைக்குப் போற தூரம் நாளைக்கே மாறாது, அடுத்து வாங்கற வண்டிதான் மாறும்.

நம்ம நாட்டுலயே சாட்சி இருக்கு. 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க, டீசலுக்கு 2014 அக்டோபர்லதான். நடுவுல ரெண்டுக்கும் வித்தியாசம் 25 ரூபாயைத் தாண்டினப்போ, புதுசா வித்த கார்ல ஏறக்குறைய பாதி டீசல் கார். 2013 ஜனவரியிலிருந்து மாசம் 50 பைசாவா டீசலை ஏத்தினாங்க; இடைவெளி சுருங்கச் சுருங்க கூட்டம் பெட்ரோலுக்கே திரும்பிடுச்சு.

இன்னொண்ணு: வரி ஏறறதும் பங்க் விலை ஏறறதும் ஒண்ணில்லை. 2020 மே மாசம் கலால் வரி பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபா கூடுச்சு. கச்சா எண்ணெய் அப்போ அடிமட்டத்துல கிடந்ததால பங்க்ல அது தெரியவே இல்லை. தெரியாத விலை யாரையும் தடுக்காது.

சங்ககிரி லோடு
லாரிக்கு இந்தக் கணக்கு உதைக்கும். ஓட்டற செலவுல டீசல்தான் பெரும்பங்கு. வாடகை ஒப்பந்தத்துல டீசல் விலைக்கேத்த மாதிரி திருத்தம் இருந்தா சுமை லோடு குடுக்கற பார்ட்டி தலையில போகும். இல்லைன்னா ஓவர்லோடு ஏத்தச் சொல்லும். டயரும் ஸ்பிரிங் பட்டையும் போறதுதான் மிச்சம். நிஜமா டீசல் மிச்சமாகறது ரிட்டர்ன் லோடுல. லோடோட நாலு கிலோமீட்டர் குடுக்கற வண்டி காலியா வந்தாலும் ஆறுதான் குடுக்கும், எட்டு இல்லை. அந்தக் காலி ஓட்டத்தை விலை தானா நிறுத்தாது, லோடு பிடிச்சுத் தர்ற புக்கிங் ஆபீஸ்தான் நிறுத்தும்.

இருபதாவது கொண்டை ஊசி
மலைக்கு ஒரு கணக்கு. சேலத்துல இருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். ஆளோட சேர்த்து 1,200 கிலோ கார்னா அந்த உயரம் ஏற மட்டும் 14 மெகாஜூல் சக்தி வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32. இன்ஜின் கால்வாசிதான் சக்கரத்துக்குத் தரும். ஆக ஒன்றேமுக்கால் லிட்டர், எவ்வளவு பதமா ஓட்டினாலும். விலை ஏறினா இது குறையாது. ரெண்டு கார்ல போறவங்க ஒரே கார்ல போனாத்தான் குறையும்.

விலை ஏறினதும் சிலர் பண்ற தப்பு, இறக்கத்துல நியூட்ரல். இன்ஜெக்ஷன் வண்டில ரெண்டாவது கியர்ல ஆக்சிலரேட்டரை விட்டா பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்டர் மூடிக்கும், பெட்ரோல் சுத்தமா போகாது. நியூட்ரல்லதான் இன்ஜின் சும்மா ஓடற ஐடிலிங்குக்குக் குடிக்கும். கூடவே பிரேக் சூடேறிப் பிடிக்காம போகும். இன்ஜினையே ஆஃப் பண்ணினா இன்னும் மோசம்: ரெண்டு மூணு மிதிக்கு மேல, மிதிக்கற பலத்தைக் கூட்டித் தர்ற பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, ஸ்டீயரிங்கும் கனத்துடும்.

அஸ்தம்பட்டி
அப்போ டவுனுக்குள்ள?

கணக்குப்புள்ள
மாத்து வழி இருக்கற இடத்துல விலை வேலை செய்யும். 2021 மேயிலிருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வர்ற ரூட்ல பெட்ரோல் ஏறினா மொபெட் வீட்டுலயே நிக்கும். ஒரு மணிக்கு ஒண்ணுன்னா நிக்காது. வரி போட்டா அந்தக் காசு பஸ்ஸுக்குப் போகுதான்னு முதல்ல கேளுங்க.